செவ்வாயின் காற்று எங்கே போச்சு? பிளாஸ்மா அலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வான்நோக்கு மாலைகளில் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. சனியின் வளையத்தைப் பார்த்து வாயைப் பிளப்பவர்கள், செவ்வாயைக் காட்டினால் ஏமாந்துபோவார்கள். ஒரு செந்நிறப் பொட்டு, அவ்வளவுதான். அதைச் சரிக்கட்ட நான் ஒரு கதை சொல்வேன்: அங்கே ஒரு காலத்தில் ஆறு ஓடியது, காற்று கனமாக இருந்தது, அந்தக் காற்றில் பெரும்பகுதி விண்வெளிக்குப் போய்விட்டது. உடனே கேள்விகள் ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே எழுதிவைக்கிறேன்.

"ஈர்ப்புவிசைதான் காற்றைப் பிடிச்சு வச்சிருக்கே, அது எப்படித் தப்பிச்சுப் போகும்?"

தரைக்குப் பக்கத்தில் தப்பிக்க வழியே இல்லை. இங்கே ஒரு மூலக்கூறு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நகர்வதற்குள் இன்னொன்றின் மேல் மோதிவிடும். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவன் கதைதான். மேலே போகப்போகக் கூட்டம் கலையும். பூமியில் சுமார் 500 கி.மீ., செவ்வாயில் சுமார் 200 கி.மீ. உயரத்தில் மோதல் அநேகமாக நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஒரு துகள் விடுபடு வேகத்தில், அதாவது ஈர்ப்பை உதறிவிட்டுப் போகத் தேவையான வேகத்தில், மேல்நோக்கிக் கிளம்பினால் தடுக்க ஆளில்லை.

அந்த வேகம் பூமியில் நொடிக்கு 11.2 கி.மீ., வெள்ளியில் 10.4, செவ்வாயில் வெறும் 5. ஹைட்ரஜன் போன்ற லேசான அணு, மேலடுக்கின் வெப்பத்திலேயே சில நேரம் இந்த வேகத்தைத் தொட்டுவிடும். ஆக்சிஜன் அதைவிட 16 மடங்கு கனம், வெப்பம் மட்டும் அதற்குப் போதாது. வேறு யாராவது செலவு கொடுக்க வேண்டும். யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்கப் பேசப்போவது.

"பிளாஸ்மான்னா என்ன, நெருப்பா?"

அணுவிலிருந்து எலக்ட்ரான் பிரிந்து, எலக்ட்ரானும் அயனியும் (எலக்ட்ரானை இழந்த அணு) தனித்தனியாகத் திரியும் வாயு. 1928-இல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். சூட்டைவிட மின்னேற்றம்தான் இதில் முக்கியம். மேல் வளிமண்டலத்தில் சூரியனின் புறஊதாக் கதிர் பட்டு வாயு இப்படிப் பிரிகிறது. அதைத்தான் அயனி மண்டலம் என்கிறோம். சிற்றலை வரிசையில் பிபிசி தமிழோசை கேட்டவர்களுக்கு இது பழைய உறவு. லண்டனிலிருந்து கிளம்பிய ஒலிபரப்பை மடக்கிக் கீழே அனுப்பியது இந்த அடுக்குதான்.

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் சூரியக்காற்றும் பிளாஸ்மாதான். பூமிக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள்கள், வேகம் நொடிக்கு 400 கி.மீ. அளவில் இருக்கும்.

"அங்கே காற்றே இல்லையே, அலை எதுல ஓடும்?"

நியாயமான கேள்வி. ஒலி பரவ மோதல் வேண்டும். சூரியக்காற்றில் ஒரு துகள் இன்னொன்றோடு மோதுவதற்குக் கிட்டத்தட்ட பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் பயணிக்க வேண்டியிருக்கும். ஆனால் மின்துகள்கள் தொட்டுக்கொள்ளாமலே ஒன்றையொன்று இழுக்கும், தள்ளும். எலக்ட்ரான்களைக் கொஞ்சம் ஒரு பக்கம் நகர்த்தினால் பின்னால் இருக்கும் அயனிகள் அவற்றைத் திரும்ப இழுக்கின்றன. வந்த வேகத்தில் அவை மறுபக்கம் போய்விடுகின்றன. இந்த ஆட்டம்தான் பிளாஸ்மா அலைகளில் எளியது. லாங்மியூர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

அதன் அதிர்வெண் எலக்ட்ரான் அடர்த்தியை மட்டும் பொறுத்தது. கன சென்டிமீட்டருக்கு 5 என்றால் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ், 10 லட்சம் என்றால் சுமார் 9 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது எண், பழைய ரேடியோவின் சிற்றலை முள் நகரும் இடம். தமிழோசை மடங்கி வந்ததற்கும் இதுதான் காரணம். இதற்கு மேல், காந்தப்புலத்தை ஒட்டி நடக்கும் அலைகள் என்று ஒரு பெரிய குடும்பமே உண்டு. காற்று தப்பிக்கும் கதையில் முக்கியமானவை அவைதான்.

"அந்த அலையோட சத்தத்தைக் கேட்டேன், பறவை கத்துற மாதிரி இருந்துச்சு. நிஜமா, கிராபிக்ஸா?"

நிஜம், ஆனால் சத்தம் இல்லை. விண்கலத்தின் ஆன்டெனாவில் ஏறி இறங்கும் மின்னழுத்தம் நம் காது கேட்கும் அதிர்வெண்ணில் இருப்பதால், ஒலிபெருக்கியில் போட்டால் கேட்கிறது. நீங்கள் கேட்டது அநேகமாக 'கோரஸ்' என்ற வகை. விடியற்காலை மரத்துக் குருவிகள் மாதிரியே கீச்சிடும்.

விண்கலம் வருவதற்கு முன்பே இவற்றைக் கேட்டவர்கள் உண்டு. முதல் உலகப்போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ஜெர்மானியர்களின் காதில், மேலிருந்து கீழே இறங்கும் விசில் ஒலி விழுந்தது. வீரர்கள் குண்டு பறக்கும் ஓசை என்றே நினைத்தார்களாம். பின்னர் 1953-இல் ஓவன் ஸ்டோரி என்ற விஞ்ஞானி விளக்கினார்: மின்னலில் பிறந்த ரேடியோ அலை பூமியின் காந்தக்கோட்டைப் பிடித்து மறு அரைக்கோளம் வரை போய் வருகிறது, உயர் அதிர்வெண் முன்னால், தாழ்ந்தது பின்னால். அவ்வளவு உயரத்திலும் கணிசமாகப் பிளாஸ்மா இருந்தால்தான் இது நடக்கும். அங்கே ஒன்றுமில்லை என்று அதுவரை நினைத்திருந்தார்கள். செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லாத காலத்தில், ஒரு விசிலை வைத்துச் சொன்ன முடிவு. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த கதை இது.

"சரி, அலை ஒரு அயனியை எப்படித் தூக்கும்? கடல் அலை கட்டையைத் தள்ளுற மாதிரியா?"

தள்ளுவதாக நினைக்காதீர்கள். வாளி நிறையத் தண்ணீர் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். மெதுவாக நடந்தாலும் சிந்தாது, ஓடினாலும் அவ்வளவாகச் சிந்தாது. நடுவில் ஒரு நடை இருக்கிறது. உங்கள் காலடியின் தாளமும் வாளித் தண்ணீர் ஆடும் தாளமும் ஒன்றாகிவிட்டால், நாலு எட்டில் முழங்கால் நனைந்துவிடும். ஒவ்வொரு எட்டும் கொடுப்பது சின்ன ஆட்டம்தான். சரியான நேரத்தில் கொடுப்பதால் சேர்ந்துகொண்டே போகிறது.

காந்தப்புலத்தில் இருக்கும் அயனி வட்டமடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றின் தாளத்தில் அலையின் மின்புலமும் மாறினால் ஒவ்வொரு சுற்றிலும் அயனிக்குக் கொஞ்சம் ஆற்றல் சேரும். வட்டம் பெரிதாகும். அப்புறம் இன்னொரு விசை வேலையைத் தொடங்கும். காந்தக்கோடுகள் பூமிக்கு அருகே நெருக்கமாகவும் மேலே போகப்போக விரிந்தும் இருக்கின்றன. பெரிய வட்டம் போடும் அயனியை இந்த அமைப்பு நெருக்கத்திலிருந்து விரிவை நோக்கித் தள்ளும். சாப்பிட்டு முடித்த மாங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் வழுக்கிப் பாயுமே, அப்படி. பக்கவாட்டில் சேர்ந்த ஆற்றல் மேல்நோக்கிய ஓட்டமாக மாறுகிறது.

"எவ்வளவு ஆற்றல் வேணும்? சும்மா 'அதிகம்'னு சொல்லாதீங்க."

எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்கிறேன். ஒரு எலக்ட்ரான் 1 வோல்ட்டைக் கடந்தால் பெறும் ஆற்றல் அது. ஒரு ஆக்சிஜன் அணு செவ்வாயை விட்டுப் போகச் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், பூமியை விட்டுப் போகச் சுமார் 10. மேலடுக்கில் 1000 கெல்வின் வெப்பத்தில் அதன் கையில் இருப்பதோ 0.1 அளவுதான். ஆக, பூமியில் நூறு மடங்கு பற்றாக்குறை.

செவ்வாயில் இந்த 2-ஐக் கொடுக்க அலைகூடத் தேவையில்லை. ஆக்சிஜன் மூலக்கூறு அயனி ஒன்று எலக்ட்ரானோடு சேரும்போது இரண்டு அணுக்களாக உடைகிறது. அப்போது அதிகபட்சம் கிட்டத்தட்ட 7 எலக்ட்ரான் வோல்ட் வெளிப்படும், ஆளுக்குப் பாதி என்றால் மூன்றரை. செவ்வாயில் தப்பிக்க அது தாராளம், பூமியில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே வேதிவினை அங்கே வெளியேறும் வாசல், இங்கே முட்டுச்சந்து. அதனால்தான் பூமியில் ஆக்சிஜன் வெளியேற வேண்டுமானால் அயனியாகி, அலைகளிடமும் மின்புலங்களிடமும் கைநீட்ட வேண்டியிருக்கிறது.

"சூரியக்காற்றே புயல் மாதிரி அடிச்சு ஊதிட்டுப் போயிடும்னு படிச்சேன். நடுவுல அலை எதுக்கு?"

'ஊதிவிட்டது' என்பது தலைப்புக்கு நல்ல சொல். ஆனால் நான்கு கேள்விகளுக்கு முன்பு சொன்னது நினைவிருக்கட்டும், இங்கே மோதல் கிடையாது. சூரியக்காற்றின் துகள் அயனி மண்டலத் துகளை நேரடியாக முட்டித் தள்ளுவது அபூர்வம். காசு சூரியக்காற்றுடையது, கைமாற்றிவிடும் தரகர்கள் மின்புலமும் காந்தப்புலமும் அலைகளும். தரகர் இல்லாமல் பேரம் படியாது.

செவ்வாயில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தது நாசாவின் மேவன் விண்கலம். 2014 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தது. சுமார் 7 மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பங்களை நீட்டிக்கொண்டு, எலக்ட்ரான் அடர்த்தி, வெப்பம், அலைகளின் மின்புலம் மூன்றையும் அளந்தது. சூரியக்காற்று செவ்வாயை எதிர்கொள்ளும் அதிர்ச்சி முகப்பின் பக்கம் பிறக்கும் காந்த-ஒலி அலைகள் (பிளாஸ்மாவும் காந்தப்புலமும் சேர்ந்து அமுங்கி விரிபவை) உள்ளே இறங்கி, பகல்பக்க அயனி மண்டலத்தை அழுத்திச் சூடாக்குவதை 2018-இல் வெளியான ஆய்வுகளில் காட்டினார்கள். சூடான அயனி மேலே எழும்பும், மேலே எழும்பியதைச் சூரியக்காற்றின் மின்புலம் வாரிக்கொண்டு போகும். 2015 மார்ச்சில் ஒரு சூரியப் புயல் செவ்வாயைத் தாக்கியபோது அயனி வெளியேற்றம் கணிசமாக ஏறியதும் மேவன் கண்ணில் பட்டது.

"நமக்குக் காந்தப்புலம் இருக்கு, செவ்வாய்க்கு இல்லை. அதனாலதானே நாம தப்பிச்சோம்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானே பல ஆண்டுகள் 'ஆமாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு தைரியமாகச் சொல்வதில்லை. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் இல்லை, ஆனால் தரையில் பூமியைப்போல 90 மடங்குக்கு மேல் காற்றழுத்தம். காந்தம் இல்லாவிட்டால் காற்று இல்லை என்ற சூத்திரம் அங்கேயே உடைகிறது.

பூமியின் காந்தப்புலம் குடை மாதிரி என்பது பாதி உண்மை. துருவங்களின் பக்கம் அதே புலம் புனல் மாதிரி திறந்திருக்கிறது, சூரியக்காற்றின் ஆற்றலை ஒரு சின்ன வட்டாரத்துக்குள் குவிக்கிறது. 2000-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கிளஸ்டர் விண்கலங்கள் நான்கும் இந்தத் துருவ வாசல்களை ஆண்டுக்கணக்கில் கடந்துபோய், ஆக்சிஜன் அயனிகள் அலைகளால் சூடேறி மேலே பாய்வதைப் பதிவுசெய்தன. இப்படிக் கிளம்பியதெல்லாம் தொலைந்தது என்றும் சொல்ல முடியாது. ஒரு பகுதி, சூரியக்காற்று பூமிக்குப் பின்னால் இழுத்து நீட்டிய காந்த வாலுக்குள் சிக்கித் திரும்பி வருகிறது. எவ்வளவு திரும்புகிறது என்பதில்தான் விஞ்ஞானிகளுக்குள் சண்டை. காந்தப்புலம் மொத்தத்தில் காப்பாற்றுகிறதா, இல்லை வேறு வாசலைத் திறந்துவிடுகிறதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

"10 எலக்ட்ரான் வோல்ட் முழுசையும் அலையே குடுத்துடுமா?"

முதல் படியில் அலை இல்லை. லேசான எலக்ட்ரான்கள் மேலே ஓடப்பார்க்கும், கனமான அயனிகள் கீழே தங்கும். இந்தப் பிரிவால் ஒரு மெல்லிய மின்புலம் உண்டாகி அயனிகளை மேலே இழுக்கிறது. 1960-களிலேயே கணித்துவிட்டார்கள், அளக்கத்தான் முடியவில்லை. 2022 மே மாதம் நார்வேயின் ஸ்வால்பார்டிலிருந்து கிளம்பிய எண்டூரன்ஸ் ராக்கெட், 248 கி.மீ. முதல் 768 கி.மீ. வரை மொத்தம் 0.55 வோல்ட் என்று அளந்தது. சுவர்க் கடிகார பேட்டரியில் பாதிகூட இல்லை.

அந்த அரை வோல்ட் ஹைட்ரஜன் அயனிக்கு ஈர்ப்பைவிடப் பத்து மடங்கு விசை. ஆக்சிஜனை அது வெளியேற்றாது, ஆனால் அயனி மண்டலத்தின் உயர அளவை (மேலே போகப்போக அடர்த்தி எவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்பதன் அளவு) இரண்டரை மடங்குக்கு மேல் உப்பவைக்கிறது. அதாவது அலைகள் வேலைசெய்யும் உயரத்துக்குச் சரக்கை ஏற்றிவிடுகிறது. மிச்சத்தை மேலே இருக்கும் தரகர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

"கிலோ கணக்குல சொல்லுங்க. நம்ம காற்று எப்போ தீரும்?"

பூமியிலிருந்து ஹைட்ரஜன் நொடிக்குச் சுமார் 3 கிலோ போகிறது. ஆண்டுக்கு 95,000 டன் என்று வையுங்கள். நம் வளிமண்டலத்தின் மொத்த எடை சுமார் 5,000 லட்சம் கோடி டன். போகும் ஹைட்ரஜன் நீரிலிருந்து வருவது என்பதால் நேரடியாக வகுப்பது சரியில்லை. இருந்தாலும் ஒரு அளவுக்கு வகுத்தால் 5,000 கோடி ஆண்டுகள் வரும். சூரியனுக்கே இன்னும் சுமார் 500 கோடிதான். நிம்மதியாகத் தூங்கலாம்.

செவ்வாயில் அயனிகளாகப் போவது நொடிக்கு 100 கிராம் அளவில் என்று 2015-இல் மேவன் குழு அறிவித்தது. ஒரு சின்ன டம்ளர் காபி. எல்லா வழிகளிலும் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்தால் நொடிக்கு 2 முதல் 3 கிலோ.

"இத்தனூண்டு காபி டம்ளர்ல ஒரு கிரகத்தோட காற்று எப்படிக் காலியாகும்?"

இன்றைய வேகத்தில் காலியாகாது. இளம் சூரியன் இன்றையதைவிட அதிகப் புறஊதாக் கதிரும் பலமான சூரியக்காற்றும் வீசியது. செவ்வாயின் உட்கருவில் காந்தம் உண்டாக்கிய ஓட்டம் சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. பெரிய இழப்பு அந்தக் காலத்தில் நடந்ததுதான்.

சாட்சி ஆர்கான். அது யாரோடும் சேராத வாயு, பாறைக்குள் ஒளியாது, வேதிவினையில் உடையாது. கனமானதும்கூட. அதை வெளியேற்ற ஒரே வழி, சூரியக்காற்று இழுத்துக்கொண்டுபோன அயனிகளில் சில திரும்பி வந்து வளிமண்டலத்தின் தலையில் மோதுவது. கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் பட்டுக் காய் சிதறுகிற மாதிரி. லேசான ஆர்கான்-36 மேலே அதிகம் இருப்பதால் அதுவே அதிகம் சிதறும், ஆர்கான்-38 பின்தங்கும். இந்த விகிதம் பூமியில் சுமார் 5.3, செவ்வாயில் சுமார் 4.2. இதை வைத்து, செவ்வாய் தன் ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கை விண்வெளிக்கு இழந்துவிட்டது என்று 2017-இல் கணக்கிட்டார்கள்.

கவனியுங்கள், ஸ்டிரைக்கரை விட்டது சூரியக்காற்றின் மின்புலம், அலை இல்லை. அலைகளைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) சில நேரம் எல்லாப் பழியையும் அலை தலையில் கட்டிவிடுகிறோம். ஹைட்ரஜனுக்கு வெப்பம், நடுநிலை (மின்னேற்றம் இல்லாத) ஆக்சிஜனுக்கு வேதிவினை, ஆர்கானுக்கு மோதல். அலைக்குப் பங்கு அயனிகளின் வெளியேற்றத்தில்.

"மங்கள்யான் இதை அளந்துச்சா?"

பிளாஸ்மா அலைக் கருவி மங்கள்யானில் இல்லை. மேவன் போய்ச் சேர்ந்த அதே வாரத்தில், 2014 செப்டம்பர் 24 அன்று அதுவும் சேர்ந்தது. அதிலிருந்த மென்கா என்ற கருவி, திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் உருவானது, மேலடுக்கின் நடுநிலைத் துகள்களை எடைவாரியாக எண்ணியது. அங்கே எதிர்பார்த்ததைவிட அதிக ஆற்றலோடு திரியும் ஆர்கானை அது கண்டது. முந்தைய பதிலோடு சேர்த்துப் படித்தால் அதன் அருமை புரியும்.

"செவ்வாய்க்குச் செயற்கைக் காந்தம் வச்சா காற்று திரும்பி வருமா?"

போனது போனதுதான். 2017-இல் ஒரு கருத்தரங்கில் சூரியனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே காந்தக் கவசம் நிறுத்தலாம் என்ற யோசனை வந்தது. ஒழுகும் காபி டம்ளரை நிறுத்தினாலும் பாத்திரம் உடனே நிரம்பிவிடாது.

"அலை துகளை மேலே அனுப்புதுன்னு சொல்றீங்க. வேற இடத்துல அலைதான் துகளைக் கீழே கொட்டுதுன்னு போட்டிருக்கே?"

இரண்டும் சரி, துகள்தான் வேறு. மேலே போவது வளிமண்டலத்தில் பிறந்த குளிர்ந்த அயனி. கீழே விழுவது, காந்தக்கோடுகளில் வடக்கும் தெற்குமாக ஊசலாடும் ஆற்றல் மிகுந்த எலக்ட்ரான். அந்த எலக்ட்ரானின் திசையை அலை கொஞ்சம் கலைத்துவிட்டால், திரும்பும் இடத்தில் திரும்பாமல் வளிமண்டலத்தில் இறங்கிவிடும். கோரஸ் அலை கீச்சிட்ட அதே தாளத்தில் எலக்ட்ரான் விழுவதையும், அதன் அடியில் துருவ ஒளி விட்டுவிட்டு மின்னுவதையும் ஜப்பானின் அராசே செயற்கைக்கோளும் தரைக் கேமராவும் சேர்ந்து 2018-இல் வெளியான ஆய்வில் காட்டின. 'துகள் இழப்பு' என்று எங்கே படித்தாலும், எதை விட்டு எது போகிறது என்று முதலில் பாருங்கள்.

"அலையும் தப்பிச்ச துகளும் ஒரே இடத்துல இருந்தா, அலைதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?"

எப்போதும் சொல்ல முடியாது. செவ்வாயிலேயே தலைகீழ் உதாரணம் இருக்கிறது. அங்கே சூரியக்காற்றின் காந்தப்புலம் சுமார் 3 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). தமிழ்நாட்டில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் புலம் சுமார் 40,000. அந்த 3-இல் ஒரு ஹைட்ரஜன் அயனி ஒரு சுற்றுச் சுற்ற 22 நொடி ஆகும். 1989-இல் சோவியத்தின் ஃபோபஸ்-2 விண்கலம், செவ்வாய்க்கு முன்னால் சூரியக்காற்றுக்குள்ளேயே இந்த ஹைட்ரஜன் தாளத்தில் ஆடும் அலைகளைப் பதிவுசெய்தது. பின்னர் போன கலங்களும் அதையே கண்டன.

இந்த அலை யாரையும் வெளியேற்றவில்லை. ஏற்கெனவே வெப்பத்தால் வெளியே பரவிய ஹைட்ரஜன், சூரிய ஒளி பட்டு அயனியாகி, பாய்ந்துவரும் சூரியக்காற்றில் மாட்டிச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியின் மிகை ஆற்றல்தான் அலையாக வெளிவருகிறது. வாளி மொழியில் சொன்னால், இங்கே தண்ணீர் ஆடித்தான் நடப்பவரைத் தள்ளாடவைக்கிறது. கிரகத்தை ஒப்பிட்டால் கிட்டத்தட்ட அசையாமல் நின்ற துகள் கிளப்பியது என்பதால், விண்கலத்துக்கு அது சரியாக ஹைட்ரஜனின் சுற்று அதிர்வெண்ணில் தெரிகிறது. அந்தத் தாளத்தைப் பார்த்ததுமே யார் போட்ட கையெழுத்து என்று சொல்லிவிடலாம்.

இந்த அலைகள் ஆண்டு முழுக்க ஒரே அளவில் வருவதில்லை. செவ்வாய் சூரியனுக்கு மிக அருகே வரும் பருவத்தில் அடிக்கடி தென்படுகின்றன. புழுதிப்புயல் கிளம்பி, நீராவி மேலே ஏறி, ஹைட்ரஜன் அதிகம் ஒழுகும் பருவமும் அதுதான்.